துண்டில் தெரியாதது

எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். சட்டையை இஸ்திரி போட்டான். தானியக் கிடங்கில் மூட்டை சோதிக்கிற வேலை, நேரத்துக்குப் போகவேண்டும். அடுப்புதான் எரியவில்லை.

மனைவி குளியலறைத் தரையில் வயிற்றை அமுக்கியபடி சுருண்டு கிடந்தாள். மாதாமாதம் இதே கதை.

"ஆரம்பிச்சுட்டாளா மகராசி?" அம்மா வந்தாள். "துண்டு வெட்டி சோதிச்சு ஒண்ணுமில்லன்னு வந்தாச்சு. இன்னும் என்னடி நடிப்பு? எங்களுக்கெல்லாம் வலிக்கலையா? பல்லக் கடிச்சுக்கிட்டு வேலை பாக்கல?"

கருப்பையின் உள்சவ்வு வெளியிடங்களில் வளர்ந்து வலிக்கிற எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகப்பட்டு, வயிற்றுக்குள் குழாய் விட்டு மிளகளவு சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். "இந்தத் துண்டுல தெரியல. அதுக்காக நோயே இல்லன்னு ஆயிடாது. வேற இடத்துல இருக்கலாம். வலிக்குதுன்னா நம்புங்க" என்றிருந்தாள் டாக்டரம்மா. முதல் வாக்கியம் மட்டுமே வீடு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவன்தான்.

அம்மா அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். தலை கதவு நிலையில் மோதியது. கையோடு கொத்தாக மயிர் வந்தது.

"விடுங்க அத்தை!" அவள் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, மூட்டைய மேலயும் கீழயும் நாலு இடத்துல குத்திப் பாத்துத்தான நல்ல சரக்குன்னு சொல்றீங்க? என் வயித்துக்கு மட்டும் ஒரு இடம் போதுமா?"

"பொண்டாட்டி உனக்கு வேலை கத்துக்குடுக்குறாடா!" அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான். அவன் உதைத்தான். அடிவயிற்றில். மறுபடியும். அவள் கத்தவில்லை; வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. உதடு வெளுத்தது.

ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள். அறுவை அறைக்குள் தள்ளுமுன் மனைவி டாக்டரம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற அவனுக்கும் கேட்டது.

உயிரோடு திரும்பவில்லை.

"சினைப்பையில கட்டி உடைஞ்சு வயிறு முழுக்க ரத்தம். குடல் வரைக்கும் நோய் அப்பியிருக்கு" என்றாள் டாக்டரம்மா. "அன்னைக்குத் துண்டு எடுத்த இடம் மட்டும் சுத்தமா இருக்கு."

போலீஸ்காரர் வந்தார்.

"வழுக்கி விழுந்துட்டாய்யா" என்றாள் அம்மா.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"வலியில என்னத்தச் சொல்லுவா, பாவம்." அம்மா மகனின் முழங்கையைக் கிள்ளினாள்.

அவன் கையை உருவிக்கொண்டான். மனைவி கடைசியாகச் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னான்:

"வழுக்கி விழல டாக்டர். இவரு ஒதச்சாரு. இதுக்கும் துண்டு வெட்டிப் பாக்கணுமா?"