கொண்டலுக்கு முன் எடுத்த உப்பு

லார்ஸ் தன் நாட்டுக்குத் திரும்ப ஒரு மாதம் இருந்தது. "நஜ்லா, உங்கள் வேலை முழுவதையும் எழுதிக் கொடுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் கம்பெனி துறைமுகத்தில் ஏற்றுமதி உப்பைச் சோதித்துச் சான்று கொடுக்கும். தலைமையகம் வெளிநாட்டில். ஆய்வகத் தலைவரும் எப்போதும் அங்கிருந்துதான் வருவார். லார்ஸ் மூன்றாவது ஆள். மூவருக்கும் வேலை பழக்கியது நான். இந்த முறை அந்த இடத்துக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்.

"எழுதிக் குடுத்துராதம்மா" என்றார் ராஜதுரை அண்ணாச்சி. கப்பல் ஏற்றும் வார்ஃபில், சோதனைக்கு உப்பு மாதிரி எடுப்பவர். "நாலாவது ஒருத்தன் பிளேன்லயே அதப் படிச்சிக்கிட்டு வாரான். எறங்கினதும் உனக்கே பாடம் நடத்துவான்."

"சும்மா இருங்க அண்ணாச்சி."

"நான் சும்மாதான் இருக்கேன். மூணு பேருக்கும் குடை பிடிச்சி கைதான் நோவுது."

அதற்குப் பிறகு லார்ஸைக் கவனித்தேன். போன் வந்தால் வெளியே போனார். ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் லேப்டாப்பை மூடினார். திரையில் என் பெயரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இருபத்தாறு பக்கம் எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டேன். பதினொரு மணிவாக்கில் கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பும். அதன் பின் மாதிரியைத் திறந்தால் உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரப்பதக் கணக்கு தப்பும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. நானும் அண்ணாச்சியும் கண்டுபிடித்தது.

மூன்றாம் வாரம் தலைமையகத்திலிருந்து இங்க்ரிட் என்ற பெண் அதிகாரி வந்தார். பகல் இரண்டு மணிக்கு, என் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வார்ஃபில் மாதிரி டப்பாவைத் திறக்கப் போனார்.

லார்ஸ் என் காதருகே சொன்னார்: "உங்கள் குறிப்பை மட்டும் வைத்துச் சோதிக்கிறார். சரியாக வந்தால் என் இடம் உங்களுக்கு. முன்பே சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

கொண்டலில் அண்ணாச்சியின் துண்டு கரைப்பக்கம் பறந்தது.

"திறக்காதீர்கள்" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

இங்க்ரிட் பக்கங்களைப் புரட்டினார். "இது இதில் இல்லையே. மறந்துவிட்டீர்களா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி அண்ணாச்சி கண்ணைக் காட்டினார்.

"இல்லை" என்றேன்.

இங்க்ரிட் அன்று மாலையே அதையும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் நாலாவது ஆள் வந்தார். அண்ணாச்சி குடை பிடித்தார். வந்தவர் கையில் என் குறிப்பு இருந்தது. இருபத்தேழு பக்கம்.