மாமா சம்மதித்தால் நிற்கும் பெல்ட்

பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் கூடத்தில் அந்தச் சிவப்புப் பொத்தானைப் பொருத்தியவள் போர்மேனின் மருமகள்தான். எலெக்ட்ரிக்கல் பிரிவில் அவளுக்கு வேலை. ஏதாவது சிக்கினால், பெட்டிகளைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் ஓரம் நிற்கிற எவரும் ஒரு தட்டு தட்டினால் போதும், பெல்ட் நின்றுவிடும். இதில் போர்மேனுக்கு என்ன குறைந்துவிட்டது? ஆனால் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து வந்ததெல்லாம் என் பெல்ட்டை நிறுத்துமா? என்னைக் கேக்காம இங்க ஒரு ஈ பறக்காது," என்று மானேஜர் அறையில் குதித்தார். வீட்டிலும் அதே பாட்டுதான். அவள் புருஷன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. அப்பாவுக்கு எதிரே வாய் திறந்து அவனுக்குப் பழக்கம் கிடையாது.

மானேஜருக்குப் பெரியவர் மனமும் கோணக்கூடாது, பொத்தானும் இருக்கவேண்டும். அதனால் பொத்தானை அழுத்தினால் போர்மேனின் போனுக்குச் செய்தி போகும், அவர் 'சரி' கொடுத்தால்தான் பெல்ட் நிற்கும் என்று முடிவானது. அவளே வயிறெரிய அப்படி மாற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே, நசுங்கிய அட்டைப் பெட்டியை இழுக்கப் போன போர்மேனின் வலது கை உருளைக்குள் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெண் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. சம்மதம் கேட்டு அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. இடது கையை எடுத்தால் உடம்பும் உள்ளே போய்விடும் என்று பெல்ட்டின் சட்டத்தை அதால் இறுகப் பிடித்திருந்தார். மெயின் சுவிட்ச் அவர் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. அவர் பையில் கை விட யாருக்குத் துணிச்சல் வரும்? மருமகள் ஓடிவந்து போனைப் பிடுங்கி 'சரி'யை அழுத்தினாள். விரல்கள் நசுங்கின, கை பிழைத்தது.

நன்றியா? விசாரணைதான் நடந்தது.

"யாரைக் கேட்டு என் பையில கை விட்ட? மாமனார்ங்கிற மரியாதைதான் இல்ல, போர்மேன்ங்கிற மரியாதை கூடவா இல்ல?" என்றார் கட்டுப் போட்ட கையோடு.

மானேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவர் சொல்றதும் நியாயம்தாம்மா. இனிமே வேற யாரும் 'சரி' கொடுக்க முடியாதபடி ஒரு ரகசிய நம்பர் வெச்சுடு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆளுடைய கையையா காப்பாற்றித் தொலைத்தோம் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

"வெச்சுத் தர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. அடுத்த தடவை அந்த நம்பரை எந்தக் கையால போடுவீங்க?"

மானேஜர் இருமினார். மாமனார் கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"இடது கையால," என்றார்.