ரோஸ் நிறக் கிண்ணங்கள்

மாரென் மீது புகார் சொன்னது நான்தான்.

புதன்கிழமை காலை, எங்கள் ஆய்வுக்கூடத்துக் கால்நடை மருத்துவர் ஆக்டர்பெர்க் அம்மாவைக் கையோடு அழைத்து வந்து சுண்டெலி அறையில் நிறுத்தினேன். வெளியே வினிபெக் ஊரில் மைனஸ் முப்பது டிகிரி குளிர். உள்ளே கோபத்தில் எனக்கு வேர்த்தது.

"திங்கக்கிழமை வயித்தக் கிழிச்சு தச்சது டாக்டர். இந்த மூஞ்சியப் பாருங்க."

கண் பாதி மூடியிருந்தது. காது பின்னால் மடிந்து, கன்னம் உப்பி, முதுகு கூன் விழுந்திருந்தது. நான் போட்ட பஞ்சு போட்ட இடத்திலேயே கிடந்தது. சுகமாயிருக்கிற சுண்டெலி ஒரே ராத்திரியில் அதைப் பிய்த்துக் குவித்துக் கூடு கட்டிவிடும். பன்னிரண்டு கூண்டிலும் கூடு இல்லை. மூன்று வாரமாக இப்படித்தான். திங்கள்தோறும் புதிதாகப் பன்னிரண்டுக்கு ஆபரேஷன், புதன் இந்தக் கோலம். அந்தப் பெண் வலி மருந்து கொடுக்காமல் ஏய்க்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக இதுகளுக்குத் தீனி போடுகிறவனுக்கு இது தெரியாதா?

டாக்டர் முதலில் வலி மருந்து ஊசியை எடுத்தார். பன்னிரண்டுக்கும் ஊசி போட்டு முடித்த பிறகுதான் மாரெனைக் கூப்பிட்டார்.

மாரென் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். இங்கே சேர்ந்து நாலு மாதம். ஓடி வந்தவள் கூண்டுகளைப் பார்த்ததும் வெளுத்துப் போனாள்.

"மருந்து குடுத்தியா?"

"குடுத்தேன் டாக்டர்! ஆபரேஷன் அன்னிக்கு ஊசி. அது மறுநாள் காலை வரைக்கும் தாங்கும். அப்புறம் மூணு நாளைக்கு ஜெல்லியில கலந்த மருந்து. கூண்டுக்கு ஒரு கிண்ணம். திங்கக்கிழமை சாயங்காலமே வச்சுட்டேன்."

"கிண்ணம் எங்க?"

"தின்னுட்டுதுங்க. செவ்வாய் மத்தியானம் வந்து பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. முழுசும் சாப்பிட்டதுன்னு எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

"மூணு நாள் மருந்த ஒரே ராத்திரியிலயா? கிண்ணத்தோடயா?"

"அட்டைக் கிண்ணந்தானே டாக்டர்... கடிச்சுப் போட்டிருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சத எழுதி வச்சியா? நான் இத அப்படியே விலங்கு நலக் கமிட்டிக்கு அனுப்பினா உன் வேலைய இன்னிக்கே நிறுத்திடுவாங்க, தெரியுமா?"

எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது என்றே சொல்லவேண்டும். அந்தத் திருப்தியோடுதான் கேட்டேன்.

"என்ன கலர் கிண்ணம்?"

"ரோஸ் கலர்."

அந்தக் கிண்ணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய் காலைதான் நான் கூண்டு மாற்றும் நேரம். சுண்டெலியைப் புதுக் கூண்டில் விட்டு, வாசனை மாறாதிருக்கப் பழைய பஞ்சில் ஒரு கிள்ளு கூட வைப்பேன். மற்றதெல்லாம் குப்பைப் பைக்குள் போகும். வெளியூரிலிருந்து புதுச் சுண்டெலி வந்து இறங்கும்போது வழிக் களைப்புக்குத் தண்ணீர் ஜெல்லி வைப்போம். அதுவும் ரோஸ் நிற அட்டைக் கிண்ணம்தான். ஒரு ராத்திரி தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், எடுத்து எறி என்பது சட்டம். யாரோ தண்ணீர் ஜெல்லியை மறந்து விட்டுப் போகிறார்கள் என்று மூன்று செவ்வாயும் முணுமுணுத்துக்கொண்டே எறிந்தேன். கூண்டு கழுவும் டிவினா நேற்றுக்கூடச் சிரித்தாள். "அண்ணே, உங்க வீட்ல கூட இவ்வளவு சுத்தம் இருக்காது!"

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். கமிட்டிக்கு எழுத டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். மாரென் தன் ஏட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

அறைக்கு வெளியே நடைக்கூடத்துக்குப் போனேன். குப்பை வண்டி வியாழன்தான் வரும். நேற்று நான் கட்டிய குப்பைப் பையின் முடிச்சை நானே அவிழ்த்து, மரத்தூளுக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. விளிம்பில் மட்டும் பல் பட்டிருந்தது. பையோடு கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைத்தேன்.

"அவ குடுத்திருக்கா டாக்டர். நாந்தான் எறிஞ்சிருக்கேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஓரெஸ்ட்," என்றாள் மாரென்.

நீ ஒரு சீட்டு எழுதித் தொங்கவிட்டிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. வேறொன்றைக் கேட்டேன்.

"ஆய்வுக்குன்னு கொண்டுபோன முந்தின ரெண்டு வாரத்து இருபத்துநாலு? அதுங்களுக்காவது இப்ப குடுக்கலாமா?"

மாரென் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர்தான் சொன்னார்.

"ஆய்வு முடிஞ்சு அதுங்கள போன வெள்ளிக்கிழமையே கருணைக்கொலை பண்ணியாச்சு ஓரெஸ்ட்."

புதுக் கிண்ணங்களை அவர்கள் வைத்தார்கள். ஒவ்வொரு கூண்டிலும் 'மருந்து, எறியாதே' என்று சிவப்புச் சீட்டு தொங்கியது. நான் அந்தப் பையோடு நடைக்கூடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். டிவினா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணே, குப்பையப் போயி மடியில வச்சிருக்கீங்க? குடுங்க, நான் போடுறேன்."

கை நீட்டினாள். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை.