படிகாரத் தண்ணீர்

"கிளவுஸ் போட்ட கையை எதுக்கும்மா அந்தத் தண்ணியில முக்குறே?"

வெளிநாட்டிலிருந்து வந்த அந்த அம்மாள் தன் மொழியில் கேட்டதை, மொழிபெயர்க்க வந்தவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். ஷெட்டில் இருந்த அத்தனை கைகளும் அப்படியே நின்றன.

அன்று விடிவதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. ஐஸ் உருகி ஓடும் சிமெண்ட் தரையில் வரிசையாக நின்று இறால் உரிப்போம். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்தெறிந்து, இறாலைப் பேசினில் போட வேண்டும். இறாலின் கொம்பு நகக்கண்ணில் ஏறும். நீர் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் வெந்ததுபோல் உரியும். அதற்குத்தான் ஆளுக்கொரு கிண்ணம் படிகாரத் தண்ணீர். நாலைந்து இறாலுக்கு ஒரு முறை விரலை முக்கினால் தோல் கொஞ்சம் இறுகும். யோசித்துச் செய்வதில்லை, கண் சிமிட்டுவதுபோல அது நடக்கும்.

ஒரு பேசின் நிறைத்தால் இவ்வளவு என்று தரும் கூலியை முதலாளி அந்த மாதம்தான் குறைத்திருந்தார். "வாங்குறவன் விலையைக் குறைச்சுட்டான். நான் என்ன பண்ண?"

"அவன் குறைச்சா உங்க காரு சின்னதாகலையே, எங்க வயிறு மட்டும் ஏன் சின்னதாகணும்?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு வாய் ஓயாது. உரிக்கும் வேகத்திலும் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் முதலாளி பல்லைக் கடித்துக்கொள்வார். நான் நேர்மாறு. பள்ளிக்கூடத்தை விட்டபின் பேச்சே குறைந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில பிள்ளையை மாத்திட்டாங்கடி" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இறாலை வாங்கும் நாடும் பிடிக்கும் நாடும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருந்தன. கடலை அழிக்காமல் பிடித்தது என்று பெட்டியில் முத்திரை குத்துவார்கள். அதற்காக ஆண்டுதோறும் ஆள் வரும். அன்று மட்டும் எங்களுக்குக் கிளவுஸ் வரும். இதுவரை வந்தவர்கள் இறாலைத்தான் அளந்தார்கள். குஞ்சு கலந்திருக்கிறதா என்று கிளறிப் பார்த்தார்கள். அதைப் பிடித்திருந்த விரலை யாரும் பார்த்ததில்லை.

கை புண்ணானவர்களை அந்த நாளில் முதலாளி ஐஸ் ரூமுக்குள் ஒளித்துவைப்பார். இந்த முறை அம்மாவும் போக வேண்டியிருந்தது. அவள் கட்டைவிரல் சீழ் கோத்து வீங்கியிருந்தது.

"கொஞ்ச நேரந்தான். முத்திரை போச்சுன்னா ஷெட்டைப் பூட்டிடுவேன். அப்புறம் உங்க எல்லார் அடுப்பும் அணைஞ்சுடும்."

மூன்று பெண்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். "நல்லா மூடுங்க முதலாளி. வெளிய வச்சா நாங்க கெட்டுப்போயிடுவோம்" என்றாள் அம்மா. கதவு சாத்தப்பட்டது.

வந்தவர்கள் சீக்கிரம் கிளம்புவதாகத் தெரியவில்லை. கிளவுஸ் பழகாத நாங்கள் இறாலை நழுவவிட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் கை தன் பழக்கத்தை விடவில்லை. அந்த ரப்பர் விரல்களைக் கொண்டுபோய் அத்தனை பேரும் கிண்ணத்தில் முக்கிக்கொண்டிருந்தோம். அதைத்தான் அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"சுத்தத்துக்கு மேடம்" என்று முதலாளி முந்திக்கொண்டார்.

அந்த அம்மாள் என் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துவர்ப்பில் முகம் சுளித்தது. மொழிபெயர்ப்பவர் மெதுவாகச் சொன்னார்: "இவங்களும் பல வருஷம் மீன் ஆலையில நின்னு அறுத்தவங்கதான். அங்க வினிகர் வச்சுக்குவாங்களாம். இப்ப அந்த ஊர்த் தொழிலாளர் சங்கத்து ஆளு. கடலோட சேர்த்து உரிக்கிற கையையும் பாக்கணும்னு இந்தத் தடவை ஒப்பந்தத்துல எழுத வச்சிருக்காங்க."

முதலாளியின் கண் என்மேல் இருந்தது. சொன்னால் ஷெட் போகலாம். சொல்லாவிட்டால், ஐஸ் ரூமில் அம்மா. அவள் குரலே கேட்கவில்லை. அம்மாவின் குரல் கேட்காத இடம் எனக்குப் பழக்கமில்லை.

கிளவுஸைக் கழற்றி விரல்களைக் காட்டினேன். "எங்கம்மா உள்ள இருக்காங்க" என்று கதவைக் கை நீட்டிக் காட்டினேன்.

"அது ஸ்டாக் ரூம். சாவி வெளிய போயிருக்கு" என்றார் முதலாளி.

பக்கத்தில் நின்ற அத்தை தன் கிளவுஸை உருவி மேசையில் போட்டாள். "சாவி வெளிய போச்சா? அப்ப உங்க இடுப்புல தொங்குறது என்ன, தாலியா?"

அடுத்தவள் உருவினாள். அதற்கடுத்தவளும். ஈர ரப்பர் சொத்சொத்தென்று விழுந்தது. எல்லோரும் கதவை நோக்கி நடந்தோம். முதலாளி திறந்தார். அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

கிளம்பும் முன் அந்த அம்மாள் சொல்லச் சொன்னது இதுதான்: "இதைக் காட்டி ஆர்டரை நிறுத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஆனா முதலாளியோட பேச உங்க ஆளுங்க உக்காரணும். இங்க நீங்க உக்காந்தாதான், கூலிக்கும் சேத்து விலை குடுன்னு அங்க நாங்க கேக்க முடியும். ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மறுநாள் விடியலில், பேச உட்காருவதற்குப் பதில் முதலாளி ஷெட்டைப் பூட்டியிருந்தார். சரக்கு லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது. வேலையில்லாமல் தொங்கிய எங்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம்.

முதலாளி வந்து சின்னக் கதவை மட்டும் திறந்தார். எங்களைத் தாண்டி, கையில் கட்டுப் போட்டிருந்த அம்மாவிடம் போனார்.

"இனி நீதான் சூப்பர்வைசர். கை நனையவே வேணாம். இங்க குறை ஒண்ணுமில்லைன்னு மட்டும் அந்த வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லிடு. நீ உள்ள வந்தா இதுங்க தானா வந்துடும்."

அம்மா என்ன பதில் கொடுக்கப்போகிறாள் என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். அத்தை சிரிக்கத் தயாராக முந்தானையை வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

தெருக்கோடியில் இன்னொரு இறால் ஷெட். அதன் வாசலில் வேலைக்கு வந்த பெண்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் விரலும் எங்களுடையது போலத்தான்; அவர்களும் இதுவரை முதலாளியோடு பேச உட்கார்ந்ததில்லை.

அம்மா திறந்திருந்த கதவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, அந்தப் பெண்களை நோக்கி நடந்தாள்.