ரங்கத்திலிருந்து ஒரு பின்னூட்டம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வெள்ளைச்சாமி மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார். அவர் உடல் கிடைக்கவில்லை.

ஆறரை ஆண்டுகள் கழித்து, அவர் மனைவி கருப்பாயி போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் கீரை விற்றுக்கொண்டிருந்தார். மகள் விஜயகுமாரிக்கு அதே பஜாரில் துணிக்கடை வேலை.

உதயசூரியன் பரமக்குடிக்காரர், போர்ட் பிளேரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வலைப்பூ வைத்திருந்தார். ஞாயிறுதோறும் ஒரு பதிவு. சிறைச்சாலை, கப்பல் டிக்கெட் வரிசை, சுண்ணாம்புக் குகை, எல்லாம் எழுதி முடித்தாயிற்று. குகையைப் பற்றி இரண்டு பதிவு போட்ட பிறகு, "அடுத்து மூன்றாம் பாகமா? நாங்கள் வெளியே வந்துவிடுகிறோம்" என்று மதுரை வாசகர் ஒருவர் பின்னூட்டம் எழுதினார். அடுத்த இரண்டு ஞாயிறும் பதிவு இல்லை. மதிய இடைவேளையில் பஜாரைச் சுற்றி வந்து, எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது.

"தெனமும் கீரைய மொறைச்சு மொறைச்சுப் பாக்குறீக, ஒரு கட்டு வாங்க மாட்டேங்குறீக. என்னா தம்பி, கீரை மேல எதுவும் கேஸா?" என்றார் கருப்பாயி.

உதயசூரியன் சிரித்துவிட்டு ஒரு கட்டு வாங்கினார். எழுத விஷயம் தேடுவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார்.

"பொறந்தது சிலோன்ல, மாத்தளைப் பக்கம். தோட்டத்து லயத்துலேருந்து கெளப்பி மண்டபம் கேம்ப்பு. அங்கேருந்து கச்சாலு. இப்ப இங்கன. மூணு தடவ கப்பல்ல ஏத்தி எறக்குன சாமான் தம்பி நானு."

வெள்ளைச்சாமியைப் பற்றியும் சொன்னார். பால் வெட்டும் கத்தி பட்டு இடது கட்டை விரலில் பாதி போனது, பீடியை அந்தக் குறை விரலால் அணைத்துப் பிடிப்பது, அன்று காலை பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனது. கடைசியாக இதைச் சொன்னார்:

"போன மாசம் வரைக்கும் வந்துருவாருன்னுதான் இருந்தேன். மகதான் பேசிப் பேசி மசிய வச்சா. இந்த ஆடி அமாவாசைக்கு திதி குடுத்துர்றதுன்னு முடிவு. எங்கண்ணன் மகன் பெரார்கஞ்ச்ல இருக்கான், அவன் குடுப்பான். அன்னிக்கே தாலியையும் கழட்டிறணும்."

உதயசூரியன் அன்று மாலையே எழுதினார். திதி முடிவோடு பதிவை முடித்துப் பார்த்தார், சப்பென்று இருந்தது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, "கருப்பாயி இன்றும் தாலியோடு காத்திருக்கிறார்" என்று முடித்தார். கருப்பாயி கொடுத்திருந்த வெள்ளைச்சாமியின் பழைய தோட்ட அடையாள அட்டைப் படத்தையும் ஏற்ற முயன்றார். தீவின் இணையம் இரண்டு முறை பாதியில் அறுந்தது. படம் இல்லாமலே வெளியிட்டார்.

நான்கு நாளில் அறுபத்தொரு பின்னூட்டங்கள். இதற்கு முன் ஒன்பதைத் தாண்டியதில்லை. ஐந்தாம் நாள் பன்னீர்செல்வம் என்பவர் எழுதியிருந்தார்: "தீவின் வடக்கே ரங்கத் பஜாரில் ஒரு டீக்கடையில் விறகு பிளக்கும் ஆள். இடது கட்டை விரல் பாதிதான். பேச்சு சிலோன் மலைநாட்டுப் பேச்சு. ஊர் பேர் கேட்டால் சொல்வதில்லை."

படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று உதயசூரியன் கேட்டார். பதில் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு கருப்பாயியின் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே விஜயகுமாரியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க சார். இப்பத்தான் நிம்மதியா தூங்குது."

"உண்மையா இருந்துச்சுன்னா?"

"உண்மையா இருந்தா ஆறு வருசமா ரங்கத்துல விறகு பொளந்துக்கிட்டு இருப்பாரா? ஒரு நாள் பஸ் தூரம் சார். பாகல் ஹை க்யா, பைத்தியமா அவருக்கு? திதி குடுக்கப் போறோம்னு அம்மா சொன்னுச்சுல்ல, அத ஏன் எழுதல நீங்க?"

உள்ளேயிருந்து கருப்பாயி வந்தார்.

"யாரு ரங்கத்துல?"

மறுநாள் விடியுமுன் பஸ் ஏறினார்கள். கருப்பாயி, மகள், உதயசூரியன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசை சேர்த்துத்தான் பழங்குடிகளின் காட்டுக்குள் விடுவார்கள். பஸ் ஒரு மணி நேரம் நின்றது. கருப்பாயி இறங்கவில்லை, டீ வேண்டாம் என்றார். மடியில் ஒரு பை. அதில் புது வேட்டி இருந்ததை விஜயகுமாரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரங்கத்தில் டீக்கடையின் பின்னால் அந்த மனிதர் விறகுக் குவியலருகே உட்கார்ந்திருந்தார். கருப்பாயி பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"அவரு இல்ல" என்றார்.

மூன்று பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவர் எழுந்தார். "என்னா, போலீஸா? நான் ராஜமாணிக்கம். பண்டாரவளை ஆளு. மரம் அறுக்குற மிஷின்ல வெரலு போச்சு. நான் ஒரு தப்பும் பண்ணல."

"போலீஸ் இல்லண்ணே" என்றார் கருப்பாயி. "கச்சால்லேருந்து வந்தவுக யாரும் இந்தப் பக்கம் இருக்காகளா?"

ராஜமாணிக்கம் அவர் முகத்தையும் கழுத்தையும் பார்த்தார். "இன்னும் வடக்க, மாயாபந்தர்ல ரெண்டு மூணு பேரு இருக்காகன்னு கேள்வி தாயி. நான் பாத்ததில்ல."

அந்த வேட்டியை அவரிடமே கொடுத்துவிடலாம் என்றார் விஜயகுமாரி. கருப்பாயி பையை விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த உதயசூரியனின் தோளைத் தொட்டார்.

"தம்பி, மாயாபந்தர்ல ஒங்கள படிக்கிறவுக யாரும் இருக்காகளா?"

"தெரியலக்கா."

"இன்னொரு தடவ எழுதுங்க. வெரலு எடது கைன்னு நல்லா வெளங்குற மாதிரி போடுங்க."

"அம்மா, பஸ் கரோ, போதும்" என்றார் விஜயகுமாரி.

உதயசூரியன் அந்தப் பதிவை நீக்கினார். அதற்குள் வேறு மூன்று வலைப்பூக்கள் அதை எடுத்துப் போட்டிருந்தன. திதி பற்றிய பத்தியைச் சேர்க்கச் சொல்லி மூன்று பேருக்கும் எழுதினார். ஒருவர் மட்டும் பதில் எழுதினார்: இப்போது இருக்கும் முடிவே நன்றாக இருக்கிறது என்று.

ஜூலை 30, ஆடி அமாவாசை. பெரார்கஞ்சிலிருந்து அண்ணன் மகன் காலை ஆறு மணிக்கே எள்ளும் இலையுமாகக் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு வந்துவிட்டார். எட்டு மணிக்கு விஜயகுமாரி வந்து அவரைத் திருப்பி அனுப்பினார். கருப்பாயி மாயாபந்தர் பஸ்ஸில் போயிருந்தார்.