வலது கைக் கிளவுஸ்

சின்னவளுக்கு சாஃப்ட்பால் நன்றாக ஆடத் தெரியும் என்று அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்த நாளில், அவள் அந்தப் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை.

அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தின் பஸ் டிரைவர். போட்டி இருக்கும் நாட்களில் அணியை வெளி மைதானங்களுக்கு அழைத்துப் போவதும் அவர்தான். அப்படி ஒருநாள் தோற்றுத் திரும்பும்போது பி.டி. டீச்சர் முன் சீட்டில் உட்கார்ந்து, அடுத்த மாதம் செலக்‌ஷன் வைக்க வேண்டும், தேறுகிற பிள்ளையாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று அலுத்துக்கொண்டார். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. தன் சின்னப் பெண் பிரமாதமாக ஆடுவாள் என்றும், கூச்சத்தில் வெளியே சொல்வதில்லை என்றும் சொன்னார். டீச்சர் அங்கேயே நோட்டை எடுத்து அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

அப்பா சொல்வதில் பாதியைக் கழித்து, மீதியையும் ஒருமுறை உதறிப் பார்த்துத்தான் வீட்டில் நம்புவார்கள். பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலைப்பாதையில் இறக்கிய கதையில் வருஷத்துக்கு வருஷம் மலை உயர்ந்துகொண்டே போனது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே பேன்ட்டுகளுக்கு அடி மடித்துத் தைப்பாள். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் வேலை அவளுக்கு. மிச்சமானதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஆனால் இந்தத் தடவை எதையும் கழிக்க வழியில்லை. பெயர் நோட்டில் ஏறிவிட்டது.

"எனக்கு ஓடக்கூட வராதுப்பா," என்றாள் சின்னவள்.

"மூணு வாரம் இருக்கு. மூணு வாரத்துல பஸ்ஸே ஓட்டக் கத்துக்கலாம்," என்றார் அப்பா.

பெரியவள் படிப்பில் கெட்டி. பரிசுகளாக வாங்கிக் குவித்துவிட்டு, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். சின்னவளைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை, திட்டியதும் இல்லை. பத்தாம் வகுப்பில் பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு. அப்பா தன்னைப் பற்றி ஒருவரிடம் பெருமையடித்தார் என்பதே அவளுக்குப் புதிது. பொய்யாக இருந்தாலும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தாள்.

பஸ் நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்னால் உயரமான ஒரு சுவர் இருந்தது. அப்பா ஒரு பழைய பந்தோடு கிளவுஸ் ஒன்றையும் பையிலிருந்து எடுத்தார். பழுப்புத் தோல், விரல்களுக்கு நடுவே வார் அறுந்திருந்தது. பழைய சாமான் கடையில் கிடைத்தது என்றார். அவள் இடது கையில் மாட்டப் பார்த்தாள்; கட்டைவிரல் தப்பான பக்கம் இருந்தது. அது இடது கையால் எறிகிறவர்கள் வலது கையில் மாட்டுவது.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப இடது கையில எறிஞ்சு பழகு. எதிரணி குழம்பிப் போயிடும்."

எதிரணி குழம்புவதற்கு முன் அவள் குழம்பினாள். இடது கையால் எறிந்த பந்து சுவருக்குப் போகாமல் டீசல் பீப்பாய்க்குப் போனது, சாக்கடைக்குப் போனது, ஒருமுறை அப்பாவின் முழங்காலுக்கே போனது. ஒரு வாரம் கழித்து சுவரில் பட ஆரம்பித்தது. திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது வேறு கதை. பந்து கிட்டே வந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடாதே என்று அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். பேட்டுக்குப் பதிலாக ஒரு துடைப்பத்தின் கட்டை. அப்பா கையைக் கீழிருந்து வீசிப் போடுவார், அவள் காற்றை அடிப்பாள். மூன்றாவது வாரம் ஒரே ஒரு நாள் கட்டையில் பந்து சரியாகப் பட்டு, சத்தம் வித்தியாசமாகக் கேட்டது. அப்பா ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து, அது விழுந்த இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அப்படிப் படவேயில்லை.

அறுந்த வாரை அம்மாதான் தடித்த நூலால் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது கிளவுஸின் உட்பக்கம், கட்டைவிரல் மடிப்பில், யாரோ தன் பெயருக்கு அடையாளமாக மையால் எழுதிய இரண்டு எழுத்துகளைப் பார்த்து ஊசியை ஒருகணம் நிறுத்தினாள். சின்னவள் அந்த எழுத்துகளை முதல் நாளே பார்த்திருந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. செலக்‌ஷன் வரைக்கும் கிளவுஸைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் காட்டாதே, கண்ணு பட்டுடும் என்று அப்பா சொன்னபோதும் பேசவில்லை.

செலக்‌ஷன் அன்று மாலை முப்பது பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு இடம். அப்பா மைதானத்தின் ஓரமாகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு, சைடு கண்ணாடியைத் துடைப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டத்தில் அவள் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தாள். தரையில் உருண்டு வந்த பத்துப் பந்துகளில் மூன்றைப் பிடித்தாள். உயரத்திலிருந்து வந்தவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒன்று தோளில் பட்டது. பேட் செய்தபோது கடைசிப் பந்து மட்டும் விளிம்பில் பட்டுக் காலடியில் விழுந்தது. டீச்சர் திட்டவில்லை. வலது கையில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டவள் எதற்காக இடது கையில் எறிகிறாள் என்று மட்டும் கேட்டார். டீச்சர் நோட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தேறமாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். கிளவுஸைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பெண் அதைக் கையில் வைத்திருந்தாள். அணிக்குப் பந்து வீசுகிறவள், இடது கைக்காரி, மேல் வகுப்பு. கட்டைவிரல் மடிப்பை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னோடது," என்றாள், சத்தம் போடாமல். "பஸ்ல விட்டுட்டேன். உங்கப்பாகிட்ட மூணு தடவை கேட்டேன். ஒண்ணும் கிடைக்கலன்னாரு."

முதல் தடவை கேட்டபோது அது ஏற்கெனவே வீட்டில் இருந்திருக்கும். அப்போது இல்லையென்றவர் பிறகு எப்படி உண்டென்பார்? இதையெல்லாம் சின்னவள் நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். டீச்சர் வந்து விசாரித்துவிட்டு, பஸ் பக்கம் கைகாட்டி அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா கையிலிருந்த துணியோடு வந்தார். எழுத்துகளைப் பார்த்தார். நெட்டையைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. பிறகு வழக்கமான சிரிப்பைச் சிரித்தார்.

"சீட்டுக்கு அடியில கிடந்திருக்கும். பாப்பா தெரியாம எடுத்திருப்பா டீச்சர். சின்னப் புள்ள தானே. நான் கண்டிக்கிறேன்."

டீச்சர் அவளைப் பார்த்து, "நீயா எடுத்த?" என்று கேட்டார்.

பஸ்ஸிலிருந்து பொருள் காணாமல் போனால் டிரைவருக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் இன்னொரு டிரைவர் ஒரு குடைக்காக வேலையை இழந்த கதையை அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் அதையெல்லாம் கணக்குப் பார்க்கவில்லை. இல்லை என்று சொன்னால் அப்பா முகத்திலிருந்த அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்பதைப் பார்க்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

"ஆமா. நான்தான்," என்றாள்.

அப்பா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் அவள் பெயரை அடித்தார். எப்படியும் அடிபட வேண்டிய பெயர்தான். ஆனால் இப்போது வேறு காரணத்துக்காக அடிபட்டது. நெட்டை கிளவுஸைக் கையில் மாட்டிப் பார்த்து, புதுத் தையலை விரலால் தடவினாள்.

வீட்டில் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா நடந்ததை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள் பெடலை மிதிக்கவேயில்லை.

"அந்த எழுத்த நானும் பாத்தேன்டி. அப்பவே கேட்டிருக்கணும்."

"நானும்தான் பாத்தேன்," என்றாள் சின்னவள்.

அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தாள். அவர் ஒரு சாக்லேட் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். அதை யாரும் தொடவில்லை. எறும்பு மொய்த்ததும் அம்மா தூக்கிப் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் அவள் பக்கத்தில் பையை வைப்பதை நிறுத்தினார்கள். ஒருநாள் மாடிப்படியில் நெட்டை அவளை நிறுத்தி, எடுத்தது நீ இல்லையென்று எனக்குத் தெரியும், வேண்டுமானால் டீச்சரிடம் நான் சொல்கிறேன் என்றாள். சொல்லிவிடாதே என்று சின்னவள் கெஞ்சினாள். நெட்டை தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு அவளும் பேசவில்லை.

சின்னவள் பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து நிமிஷம். பெட்ரோல் பங்க் தாண்டிய வளைவில் தினமும் பள்ளிக்கூட பஸ் பின்னாலிருந்து வரும். முதல் வாரம் அவள் பக்கத்தில் வந்ததும் வேகம் குறையும், கதவு திறக்கும், உள்ளிருந்து பிள்ளைகள் எட்டிப்பார்ப்பார்கள். அவள் ரோட்டைப் பார்த்தபடியே நடப்பாள். கதவு மூடிக்கொள்ளும்.

அடுத்த வாரத்திலிருந்து வண்டி வேகம் குறையவில்லை. ஹாரன் கேட்டதும் அவள் ஓரமாக ஒதுங்கி நிற்பாள். அது போய், புழுதி அடங்கிய பிறகு நடப்பாள்.