கை சுத்தம்

தேர்தலுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போதுதான் கலீலுர் றஹ்மான் ஹாஜியார் எங்களைக் கண்டுபிடித்தார். நாங்கள் எங்கேயும் தொலைந்துபோயிருக்கவில்லை. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில், கண்டல்முனை வட்டாரத்தில், பிறந்த வீடுகளிலேயே குந்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வருவார்கள், வாய் கிழியக் கத்துவார்கள், போய்விடுவார்கள். அந்த ஒழுங்கையில் ஏழு வீட்டில் காது கேளாத ஆட்கள் இருக்கிறார்கள். என்னுடைய அண்ணன் முனாஸ் நானா அதில் ஒருவர். அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்வந்த ஓட்டோக்களில் எவர் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒருவிதத்தில் கொடுத்துவைத்த மனுசன்.

ஹாஜியார் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மூன்று முறை மாறியவர். சந்திச் சுவரில் அவருடைய போஸ்டரைக் கிழித்தால் அடியில் இன்னொரு கட்சியில் சிரித்துக்கொண்டிருப்பார். போன பிரதேச சபைத் தேர்தலில் பதினொரு வாக்கால் தோற்றவர். அந்தப் பதினொன்று ஏழு வருடமாக அவருடைய தொண்டையில் முள்ளாக நின்றது. அவருடைய செயலாளர் ஸாஜித் வாக்காளர் இடாப்பை வைத்துக்கொண்டு வட்டாரம் முழுக்கத் துருவி, காது கேளாத வாக்காளர் பத்தொன்பது பேர் என்று எழுதிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து ஹாஜியாருக்கு எங்கள் மேல் ஒரே பாசம்.

பாசம் வந்தது சரி, அதைச் சொல்ல ஆள் வேண்டுமே. அதற்குத்தான் நான். பெயர் அம்ரா. எனக்குக் காது கேட்கும். ஆனால் வாயால் பேசப் பழகுவதற்கு முன்னமே நானாவோடு கையால் சண்டை பிடிக்கப் பழகியவள். பட்டம் முடித்து நாலு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். "நீ வந்து கையால சொல்லு புள்ள, மத்ததை நான் பாத்துக்கொள்றன்" என்றார் ஹாஜியார். மற்றது என்றால் சபையில் ஒரு வேலை. அது எனக்கு விளங்காமல் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர். வெயில் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. சபையின் தண்ணீர் வண்டி, அந்தப் பவுசர், நினைத்த நாளில், நினைத்த நேரத்தில் வரும். சந்தியில் நின்று மூன்று தரம் ஹோன் அடிக்கும். பத்து நிமிடம் நிற்கும். போய்விடும். அயலட்டம் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பவுசர் வந்துவிட்டால் எவருக்கும் தன்னுடைய தண்ணீர்க் கானைத் தவிர வேறொன்றும் கண்ணில் தெரியாது.

மாகிரட் வீட்டில் அவளுக்கும் கேளாது, கடலுக்குப் போகிற அவளுடைய புருஷன் றெக்சனுக்கும் கேளாது. மாகிரட் தையல்காரி. வெயில் காலம் தொடங்கியதும் தையல் மெசினை இழுத்துக்கொண்டுவந்து வாசல் படலையடியில் போட்டுவிடுவாள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் சந்தியில். அப்படிப் பார்த்து இரண்டு தரம் விரலில் ஊசி ஏறியிருக்கிறது. அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் ஒரு நிமிடம் போய்வந்தால் போதும், பவுசர் வந்து போயிருக்கும். அவளுடைய ஒன்றரை வயது மகள் தர்ஷனாவை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிப் பிள்ளையின் முதுகெல்லாம் சொறி. மாகிரட் கேட்டது பெரிய விசயமே இல்லை. பவுசரின் தலையில் சுற்றுகிற சிவப்பு லைட் ஒன்று. தூரத்தில் வரும்போதே கண்ணில் படும். அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களுக்கென்று மட்டும் ஹாஜியாரின் சின்னக் கூட்டம், பொக்கட் மீட்டிங், நானாவின் பட்டறையில் நடந்தது. நானா போட் இஞ்சின் திருத்துகிறவர். உள்ளங்கையை இஞ்சினில் வைத்தாரென்றால் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். பெரிய மனுசன் வருகிறார் என்று அன்றைக்கு அரை மணித்தியாலம் சவர்க்காரத் தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார்.

"ஊமைப் புள்ளைகள் எல்லாரும் வந்திட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஹாஜியார் உள்ளே வந்தார். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

பெண்களுக்கு நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். ஆண்களுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்தார். கொடுத்து முடிந்ததும் ஸாஜித் பின்னாலிருந்து ஈரக் கடதாசி ஒன்றை நீட்டினான். ஹாஜியார் வலது உள்ளங்கையை இரண்டு தரம் வழித்துத் துடைத்தார், கடதாசியைக் கசக்கி எறிந்தார், கதிரையில் இருந்தார். காது கேட்கிற ஆட்கள் பேசுகிறவரின் வாயைத்தான் பார்ப்பார்கள். கேளாத ஆட்கள் முழு ஆளையும் பார்ப்பார்கள். பத்தொன்பது பேரும் பார்த்தார்கள். நானா தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

மாகிரட் லைட்டைக் கேட்டாள். நான் வாயால் சொன்னேன்.

"இவ்வளவுதானா? ஒரு லைட்டுத்தானே! நான் வந்து முதலாவது வேலை அது. இது எண்ட வாக்கு" என்றார் ஹாஜியார். நான் கையால் சொன்னேன். மாகிரட் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

கைப்பேர் என்று ஒன்று இருக்கிறது. காது கேளாத ஆட்கள் ஒருவரின் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளில் கண்ட ஒன்றைப் பிடித்துப் பெயராக்கிவிடுவார்கள். எனக்குச் சின்ன வயதில் புருவத்தில் வெட்டுப்பட்ட தழும்பு இருக்கிறது. புருவத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது நான்தான். ஹாஜியாருக்குப் பெயர் வைக்க இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. இடது கை விரல்களால் வலது உள்ளங்கையை இரண்டு தரம் வழித்து, கசக்கி எறிவது. மாகிரட்தான் வைத்தாள். உடனே பட்டறை முழுக்கப் பரவி, பத்தொன்பது பேரும் வழித்து வழித்து எறிந்தார்கள்.

ஹாஜியார் கண்டுவிட்டார். "என்ன புள்ள அது? எல்லாரும் ஒரே மாதிரிச் செய்றாங்க?"

"அது ஒங்கட பேர் ஹாஜியார். கைப்பேர்."

"எண்ட பேரா! என்ன கருத்து?"

"கை... கையைத் துப்பரவா..."

"கை சுத்தம்!" என்று கத்தினான் ஸாஜித். "ஹாஜியார், கை சுத்தமான ஆள் எண்டு சொல்றாங்க!"

ஹாஜியாரின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது. "அல்லாஹ்வே! பேசத் தெரியாத இந்தப் புள்ளைகளுக்கு விளங்கினது ஊருக்கு விளங்கல்லையே" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதலில் சிரிப்பு. பிறகு அந்த வேலை ஞாபகம் வந்தது. இரண்டும் சேர்ந்து வாயைப் பூட்டிவிட்டன.

மூன்றாம் நாள் வட்டாரம் முழுக்கப் போஸ்டர். வெள்ளைச் சேட்டோடு ஹாஜியார், இடது கையால் வலது கையைத் துடைத்துக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில் 'கை சுத்தம்!' வெள்ளிக்கிழமை சந்திக் கூட்டத்தில் ஸாஜித் மேடையில் ஏறி, "கை சுத்தம் எங்கே?" என்றான். நானூறு பேர் கையைத் துடைத்துத் துடைத்து எறிந்தார்கள். ஹாஜியார் அவர்களைப் பார்த்துத் துடைத்து எறிந்தார். முழு ஊரும் ஒருவரையொருவர் கைகழுவி விடுகிற மாதிரி ஒரு காட்சி. முன்வரிசையில் எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானா கதிரையிலிருந்து கீழேயே விழுந்துவிட்டார். "பாருங்க, என்ன சந்தோசம் அவங்களுக்கு!" என்று ஹாஜியார் மைக்கில் சொன்னார்.

வாக்களிப்புக்கு முதல் நாள் மாகிரட் வந்தாள். கைதுடைக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் பரவாயில்லை, லைட் வருமா என்று கேட்டாள். அவன் உண்மையாகவே அப்படிச் சொன்னானா, அல்லது நீ கூட்டிச் சொன்னாயா என்றும் கேட்டாள். சொன்னார், லைட் வரும், நான் பொறுப்பு என்று என் கையால் சொன்னேன். அவள் போய் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

ஹாஜியார் ஆறு வாக்கால் வென்றார். பத்தொன்பதைக் கழித்துப் பாருங்கள், விளங்கும்.

அவர் சபையின் தலைவர், அதாவது தவிசாளர், ஆனார். எனக்குச் சபையின் முன் மேசையில் நாலு மாதத் தற்காலிக நியமனம் கிடைத்தது. ஜூனில் லைட்டைப் பற்றிக் கேட்டேன். "ஃபைல் போயிருக்கு புள்ள" என்றார். ஜூலையில் கேட்டேன். ஃபைல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. வெருகல் கோயில் வரைக்கும் நடந்துபோய் வந்திருந்தால்கூட அதற்குள் திரும்பியிருக்கும். மாகிரட்டின் மெசின் மறுபடியும் படலையடிக்கு வந்துவிட்டது. ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சபைக்கே வந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்று பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். நான் ஹாஜியாரின் அறைக்குள் ஓடினேன்.

"பொறு புள்ள, லைட்டை விடப் பெரிய ஒண்டு செய்றன். ஊரே பாக்கும்" என்றார்.

ஊர் பார்த்தது. ஓகஸ்டில் ஒரு காலை, எங்கள் சந்தியில் பந்தல், ரிபன், கதிரைகள், ஸாஜித்தின் கையில் நேரலைக்குப் போன். நடுவில் புதுப் பெயின்ட் அடித்த பவுசர். அதன் தலையில் லைட் இல்லை. நாலு திசையைப் பார்த்து நாலு ஸ்பீக்கர். பக்கவாட்டில் 'காது கேளாதோருக்கான விசேட குடிநீர்ச் சேவை' என்று எழுதியிருந்தது. ஹாஜியார் ரிபனை வெட்ட, ஸ்பீக்கரில் பதிவுசெய்த அவருடைய குரலே முழங்கியது: "காது கேளாத எனது அன்பு உறவுகளே! உங்கள் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது! ஓடி வாருங்கள்!"

காகங்கள் எல்லாம் பறந்தன. எனக்கு ஒரு கணம் இது பகிடியோ என்று தோன்றியது. ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. மனுசன் பெருமையில் பூரித்துப்போயிருந்தார். கேளாத காதிலும் பூச்சுற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"சொல்லு புள்ள, அவங்களுக்கு விளங்கப்படுத்து" என்றார்.

நான் எங்கள் ஆட்களின் பக்கம் திரும்பினேன். கை எழும்பவில்லை. மாகிரட் நானாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு புதுப் பெயர் வந்தது. பொத்திய கையை வாய்க்கு முன்னால் வைத்து, விரல்களை வெளியே விரிப்பது. மைக். யாருடைய பெயர் இது என்று சுற்றிப் பார்த்தேன். நானா என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. பவுசரில் ஐந்தாவது ஸ்பீக்கர் நான்தான். அந்த நேரம் நிலம் பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

விழா முடிந்து பவுசர் ஒழுங்கைக்குள் திரும்பியது. மாகிரட் தன் தையல் கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து வழியின் நடுவில் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து, பவுசருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் றெக்சன். பிறகு ஒவ்வொருவராக மற்றப் பதினேழு பேரும் நிலத்தில் குந்தினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.

டிரைவர் ஹோன் அடித்தான். அடி அடி என்று அடித்தான். ஸ்பீக்கரில் ஹாஜியார் ஓடி வாருங்கள், ஓடி வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வேலியோரம் நின்ற அயலட்டம் சிரிக்கத் தொடங்கியது. நானா எழும்பிப் பவுசரின் பின்பக்கம் போனார். குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திறந்தார். முதல் கான் மாகிரட்டுடையது. பிறகு கான் கானாக ஏழு வீட்டுக்கும் நிரம்பின. காது கேட்கிற ஊர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

ஹாஜியார் வியர்த்துக்கொட்டி ஓடிவந்தார். ஸாஜித்தின் போன் இன்னும் நேரலையில்தான் இருந்தது.

"நிப்பாட்டுடா அதை!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அம்ரா, இவங்களை எழும்பச் சொல்லு."

நான் அவரைத் தாண்டி நடந்தேன். மாகிரட்டின் கதிரையடியில், மணலில், பவுசருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

"அம்ரா! அடுத்த மாசம் ஒண்ட நியமனம் முடியுது, தெரியும்தானே? எழும்பச் சொல்லு எண்டு சொல்றன். ஒனக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்கல்ல ஹாஜியார்" என்றேன்.